இருசப்பன் பேரில் ஒரு வண்டி

உறுவையாற்று டீக்கடையில் இருசப்பனை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "ஓனருக்கு ஒரு டீ" என்பார்கள். வில்லியனூர் போகிற சாலையில் தகரக் கொட்டகை போட்டு டிராக்டரும் மினி லாரியும் பழுது பார்க்கிற மனிதனுக்கு அந்தப் பட்டம் எப்படி வந்தது என்று புதிதாய் வருகிறவர்கள் கேட்டால், கொட்டகைக்குப் பின்னால் தார்ப்பாய் போர்த்தி நிற்கிற வண்டியைக் காட்டுவார்கள். வெளிநாட்டுச் சொகுசுக் கார். எட்டு சிலிண்டர், தோல் சீட்டு, மரப்பலகை பதித்த டேஷ்போர்டு. ஆர்.சி. புத்தகத்தில் உரிமையாளர் என்ற இடத்தில் இருசப்பன், தகப்பன் பெயர் ஏழுமலை, உறுவையாறு, வில்லியனூர் கொம்யூன் என்று அச்சடித்திருக்கிறது. அந்த வண்டியில் அவன் இன்றுவரை ஒரு சினிமாவுக்குக்கூடப் போனதில்லை.

கதை பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தையது. பாகூர் பக்கம் சவுக்குத் தோப்பு வாங்கிப் போட்டிருந்த சென்னைக்காரர் ஒருவர், தன் ஜீப்பை இருசப்பனிடம் விடுவார். தாராளமான மனுஷன், தோளில் கை போட்டுப் பேசுவார். சென்னையில் பதிந்தால் வரி தாளாது, புதுச்சேரி என்றால் பாதிகூட ஆகாது, அதற்கு ஒரு புதுச்சேரி விலாசம் வேண்டும், அவ்வளவுதான் என்றார். வில்லியனூரில் ஆர்.டி.ஓ. வேலைகளை முடித்துத் தருகிற ஏஜெண்ட் புகழ்வேந்தன் ஃபாரத்தை நீட்டினான். நம்மிடம் போய் இவ்வளவு பெரிய வண்டியை நம்பிக் கொடுக்கிறாரே என்று இருசப்பனுக்குப் பூரிப்பு. காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டான். அன்று அவனுக்குக் கிடைத்தது ஒரு பிரியாணிப் பொட்டலம். இந்தப் பக்கத்தில் பேரைக் கொடுத்து ஏமாந்தவன் அவன் ஒருவன் மட்டுமில்லை என்பது ஓர் ஆறுதல், அவ்வளவுதான்.

ஆறு வருஷம் கழித்து வண்டி ஒருநாள் லாரியில் ஏறி அவன் கொட்டகைக்கு வந்தது. ஸ்டார்ட் செய்தால் என்ஜின் முன்பக்கத்தில் தகரடப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்கிய மாதிரி சத்தம். சென்னைக்காரர் பார்ட்ஸ் அனுப்புகிறேன் என்றார். பார்ட்ஸ் வரவில்லை. பிறகு போனும் வரவில்லை. எப்படியோ ஒரு நம்பரைப் பிடித்துப் பேசினால், அவர் காலமாகி வருஷமாகிறது என்றும், தங்கள் வீட்டில் அப்படியொரு வண்டியே கிடையாது என்றும் அவருடைய மகன் மரியாதையாகச் சொல்லி வைத்துவிட்டான். யாருக்கும் சொந்தமில்லாத வண்டி இருசப்பனுக்குச் சொந்தமானது அன்றைக்குத்தான்.

அதனால் என்ன, நின்றுவிட்டுப் போகட்டும் என்றுதான் அவனும் இருந்தான். நாலு சக்கர வண்டி வைத்திருக்கிறவர் ஏழை கிடையாது என்று கம்ப்யூட்டர் கண்டுபிடிக்கும் வரைக்கும். முதலில் ஏழைகளுக்கான சிவப்பு ரேஷன் அட்டை, வசதியுள்ளவர்களுக்கான மஞ்சளாக மாறியது. அதைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டார்கள். அப்புறம் வீடு. அரசாங்கத்தின் வீடு கட்டும் திட்டத்தில் அவன் மனைவி கல்பனா மனு எழுதிக் கொடுத்து, முதல் தவணை வந்து, சுவர் லிண்டல் மட்டம் வரை ஏறியிருந்தது. இரண்டாவது தவணை நின்றுவிட்டது. தளம் போடாத சுவருக்குள் இரண்டு மழைக்காலம் போய்விட்டது. சுவரின் மேல் கம்பி துருவேறி, காரை பெயர்ந்து, ஒரு மூலையில் ஆலங்கன்றுகூட முளைத்துவிட்டது. பக்கத்தில் இறக்கிய தகரச் சாய்ப்பில் கல்பனாவும் அவனும் பன்னிரண்டாவது படிக்கிற மகளும் படுக்கிறார்கள். கல்பனா ஆஸ்பத்திரி ஒன்றில் துணி வெளுக்கிற பிரிவில் வேலை பார்க்கிறாள். வேலை முடித்து வந்ததும் முதல் காரியமாக அந்த ஆலங்கன்றைப் பிடுங்குவாள். அது மறுபடி முளைக்கும்.

இந்த வருஷம் ஆடி மாசம் ஒரு வழி பிறந்தது. ஆவணி பத்தாம் தேதிக்குள் வண்டி பேர் மாறிவிட்டதற்கான காகிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தால் வீட்டுத் திட்டப் பட்டியலில் மறுபடி சேர்த்துவிடுவார்கள், அதற்குப் பிறகு பட்டியல் மூடப்படும் என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். இருசப்பன் புகழ்வேந்தனிடம் ஓடினான். பழைய இரும்புக்குப் போட்டு நம்பரை ரத்து பண்ணலாமே என்றான். அது மாசக்கணக்கில் இழுக்கும் என்றும், வாங்க ஆள் இருந்தால் பேர் மாற்றம் மூன்று நாள் வேலை என்றும் புகழ்வேந்தன் சொன்னான். ஆளையும் அவனே பிடித்துக் கொடுத்தான். பாகூரில் கரும்பும் நெல்லும் பயிரிடுகிற பெரிய குடும்பம், அரங்கநாதன். கல்யாண ஊர்வலத்துக்குக் கார் விடுகிற தொழிலும் உண்டு. ஆவணி முகூர்த்தங்களுக்கு மாப்பிள்ளை ஏற இப்படி ஒரு வண்டி இருந்தால் நன்றாயிருக்கும் என்று நினைத்தார். வண்டிக்கு விலை ஏதும் வேண்டாம், பேர் போனால் போதும் என்று இருசப்பன் சொன்னதும் அவருக்கு முகம் மலர்ந்தது. பார்ட்ஸ் என் பொறுப்பு, வேலை உன் பொறுப்பு, வண்டி சத்தமில்லாமல் ஓடி ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலுக்கு வந்து நிற்க வேண்டும் என்றார்.

தார்ப்பாயை இழுத்துவிட்டு இருசப்பன் வேலையில் இறங்கினான். என்ஜினுக்குள் கீழே பிஸ்டன்களும் மேலே வால்வுகளும் ஒன்றோடொன்று மோதாமல் தாளம் தப்பாமல் ஓட வேண்டும். அந்தத் தாளத்தைக் கட்டிக் காப்பது டைமிங் செயின். செயின் தொய்ந்துபோகாமல் எந்நேரமும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருப்பது டென்ஷனர். இந்த வண்டியைச் செய்த புண்ணியவான்கள் அந்த டென்ஷனரின் உடம்பைப் பிளாஸ்டிக்கில் செய்திருந்தார்கள். வருஷக்கணக்கில் சூட்டெண்ணெயில் வெந்து அது பிஸ்கட் மாதிரி உதிர்ந்துபோயிருந்தது. மேலே இரண்டு, கீழே இரண்டு, ஆக நாலு. மேலே உள்ளதை மட்டும் மாற்றிவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்கிற மெக்கானிக்குகள் உண்டு. கீழே உள்ளதைப் பார்க்க வேண்டுமென்றால் ரேடியேட்டரை இறக்கி, என்ஜினின் முன்பக்க மூடி முழுவதையும் கழற்ற வேண்டும். இருசப்பன் எல்லாவற்றையும் கழற்றினான். அவனுக்கு வேலையென்றால் முழுசாக இருக்க வேண்டும்.

உடைந்த துண்டுகளைப் பழைய செய்தித்தாளில் வைத்து, நொறுங்கிய பாத்திரத்தை ஒட்டிப் பார்ப்பதுபோல் சேர்த்துப் பார்த்தான். ஒரு துண்டு குறைந்தது. விரல் நகம் அளவுதான். அது ஆயில் போகிற வழியில் சிக்கினால் என்ஜினே போய்விடும். என்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்குகிற சம்ப்பை இறக்கி, ஆயில் வடிகட்டியின் வலைக்கு அடியில் விரலை விட்டுத் தடவித் தடவி எடுத்தான். அதற்கே ஒருநாள் போயிற்று. கல்பனா சாயங்காலம் வந்து எட்டிப் பார்த்து, பேர் போய்விடுமா என்று கேட்டாள். போய்விடும் என்றான். அந்த வாரம் முழுக்க அவள் தினமும் அதையே கேட்டாள், அவனும் அதையே சொன்னான்.

புது டென்ஷனர்கள் வெளிநாட்டிலிருந்து சென்னை வழியாக வந்தன. கெட்டி உலோகம், கையில் எடுத்தாலே கனம். பொட்டலங்களின் மேல் டிரைவர் சைடு, பாசஞ்சர் சைடு என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. இருசப்பனுக்கு அதைவிடச் சுலபமான வேலை கிடையாது. முப்பது வருஷமாக லாரியிலும் டிராக்டரிலும் வலது கைப்பக்கத்துக்கு டிரைவர் சைடு, இடது கைப்பக்கத்துக்குக் கிளீனர் சைடு என்றுதான் சொல்லி வருகிறான். இந்தக் காரில் கிளீனர் கிடையாது என்பதால் பாசஞ்சர் என்று எழுதியிருக்கிறார்கள் போல என்று சிரித்துக்கொண்டே மாட்டினான். எல்லாம் மாட்டி, கையால் என்ஜினைச் சுற்றிப் பார்த்தபோது வலப்பக்கச் செயின் தொய்ந்தே கிடந்தது. மறுபடி சுற்றினான், மறுபடி தொய்வு. டார்ச் அடித்துப் பார்த்தால் டென்ஷனரின் ஆயில் துளை என்ஜினின் உட்சுவரைப் பார்த்து நிற்கிறது. ஆயில் வர வேண்டிய வழி எதிர்ப்பக்கம் இருக்கிறது. அரைமணி நேரம் மண்டையைச் சொறிந்த பிறகுதான் உறைத்தது. பொட்டலம் கட்டிய நாட்டில் டிரைவர் இடப்பக்கம் உட்காருகிறான். அப்படியே ஸ்டார்ட் செய்திருந்தால் வால்வும் பிஸ்டனும் இடித்துக்கொண்டு என்ஜின் காயலான் கடைக்குப் போயிருக்கும். யாரிடமும் சொல்லாமல் எல்லாவற்றையும் கழற்றி, பக்கம் மாற்றி மாட்டினான்.

ஆவணி ஏழாம் தேதி காலையில் சாவியைத் திருப்பினான். ஒரு முனகல், அப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை. நின்றுவிட்டதோ என்று பயந்து போய் முன்னால் கையை வைத்துப் பார்த்தால் என்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆறு வருஷம் செத்துக் கிடந்த வண்டி. இருசப்பன் அதன் பக்கத்தில் நின்று வாய்விட்டுச் சிரித்தான். அவன் வாழ்நாளில் அதைவிடச் சுத்தமான வேலை செய்ததில்லை, அது அவனுக்கே தெரிந்தது.

அவனே ஓட்டிக்கொண்டு ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போனான். புகழ்வேந்தன் ஃபாரங்களோடு தயாராக நின்றான். அரங்கநாதன் வண்டியைச் சுற்றி வந்து, பானட்டில் காதை வைத்துக் கேட்டு, பேஷ் என்றார். அவருக்குப் பின்னால் தேய்த்த சட்டை போட்ட ஒருவன், ஒரு பிளாஸ்டிக் உறையை நெஞ்சோடு அணைத்தபடி நின்றான். நாற்பது வயதிருக்கும். கையெல்லாம் கரும்புத் தோகை கிழித்த கோடுகள். அவன் பேர் மரியதாஸ் என்றும், தன் கரும்புக் கொல்லையில் வேலை செய்கிறவன் என்றும், வண்டி அவன் பேருக்குத்தான் மாறப்போகிறது என்றும் அரங்கநாதன் சொன்னார். தன் பேரில் ஏற்கெனவே வண்டிகள் அதிகம், வருமான வரிக்காரன் தொந்தரவு, இவன் நம்ம ஆள், பேருக்குத்தானே என்றார். சொல்லிவிட்டுப் புகழ்வேந்தனோடு ஜெராக்ஸ் எடுக்கப் போனார்.

கேட்கக் கூடாது, பார்க்கக் கூடாது, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட வேண்டும் என்று இருசப்பன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அப்படியும் கண் அந்தப் பிளாஸ்டிக் உறைக்குள் போயிற்று. உள்ளே இருந்தது சிவப்பு அட்டை.

"வூடு எழுதிக் குடுத்திருக்கியா?" என்று கேட்டான்.

"குடுத்திருக்கண்ணே. கடக்கால் போட்டாச்சி. மொத தவணை வந்துடிச்சி."

இருசப்பன் சொன்னான். தன் அட்டை மஞ்சளானதை, தவணை நின்றதை, லிண்டல் மட்டத்தில் நிற்கிற சுவரை, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னான். மரியதாஸ் ஆச்சரியப்படுவான், பிளாஸ்டிக் உறையைத் தூக்கிக்கொண்டு ஓடுவான் என்று நினைத்தான். அவன் அசையவில்லை. தரையைப் பார்த்தபடி மெதுவாகத்தான் பேசினான்.

"ஊர்ல சொன்னாங்கண்ணே. தெரியும். எங்க வூட்டுல ரெண்டு பேரும் அவரு கொல்லையிலதான் வேலை. நான் வாணாம்னு சொன்னா நாளைக்கி எங்க போயி நிப்பன்? நீ சொல்லலாம். வண்டி உன்னுது."

டீக்கடையில் ஆயிரம் தடவை கேட்ட கிண்டலைவிட அந்த ஒரு சொல் இருசப்பனைக் குத்தியது. அவனுக்கு மரியதாஸின் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இவன் ஏன் வாயைத் திறந்தான், வீட்டுக்கு எழுதிக் கொடுக்கவில்லை என்று சொல்லித் தொலைத்திருந்தால் என்ன என்று நினைத்தான். மூன்று நாளில் பட்டியல் மூடிவிடும். ஒரு கையெழுத்து, தளம் வந்துவிடும், கல்பனா ஆலங்கன்று பிடுங்க வேண்டியதில்லை. வேறு ஆளைத் தேட நேரமில்லை, வேறு ஆள் வந்தாலும் அவனும் இன்னொரு மரியதாஸைத்தான் கூட்டி வருவான். இவன் பேருக்கு எழுதினால் எழுதட்டும், எனக்கென்ன, என்னைக் கேட்டா அரங்கநாதனிடம் கூலிக்குப் போனான் என்றெல்லாம் மனசு கணக்குப் போட்டது. ஆனால் கை பேனாவைத் தேடவில்லை. விற்க மாட்டேன் என்று வெறுமனே சொன்னால், இரண்டு பேரும் தனியாக நின்று பேசியதை வைத்து அரங்கநாதன் கண்டுபிடித்துவிடுவார். பழி மரியதாஸின் தலையில் விடியும். அவனை விடுவிக்க ஒரே வழிதான் இருந்தது. அது இருசப்பனுக்குக் கொஞ்சமும் பிடிக்காத வழி.

அரங்கநாதன் காகிதங்களோடு திரும்பி வந்ததும் இருசப்பன் அவர் முன்னால் போய் நின்றான்.

"ஐயா, தப்பு நடந்து போச்சி. டிரைவர் சைடு டென்ஷனர கிளீனர் சைடுலயும், கிளீனர் சைடு உள்ளத டிரைவர் சைடுலயும் மாத்தி மாட்டிட்டன். வால்வு இடிச்சி வளைஞ்சி போச்சி, இனிமே சரி பண்ண முடியாது. இன்னும் பத்து கிலோமீட்டர் ஓடுனா என்ஜின் வெடிச்சிடும். பேரு போனா போதும்னு மறைச்சிட்டன்."

அரங்கநாதன் நம்பவில்லை. சத்தமே இல்லையே என்றார். ஆயில் கெட்டியாக ஊற்றிச் சத்தத்தை அமுக்கி வைத்திருப்பதாக இருசப்பன் சொன்னான். முகூர்த்தத்தன்று மாப்பிள்ளையோடு நடுரோட்டில் நின்றால் என்னைக் கேட்காதீர்கள் என்றும் சொன்னான். பொய் சொல்லச் சொல்ல அது வாயில் சரளமாக வந்தது. புகழ்வேந்தன் தலையில் அடித்துக்கொண்டான். அரங்கநாதனின் முகம் கறுத்தது. வலது எது இடது எது என்று தெரியாதவனெல்லாம் ஸ்பேனர் பிடிக்க வந்துவிட்டான் என்றார். பாகூர் வட்டாரத்தில் இனி ஒரு டிராக்டர் உன் கொட்டகைப் பக்கம் திரும்புகிறதா பார் என்றார். மனுஷனை ஏமாற்றிப் பிழைக்கப் பார்த்த திருடன் என்றார். சுற்றி நின்ற லாரி டிரைவர்களும் ஏஜெண்டுகளும் சிரித்தார்கள். வில்லியனூர் முழுக்க அந்தச் சிரிப்பு சாயங்காலத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடும்.

"நாளைக்கி பொழுது சாயறதுக்குள்ள நாலு பார்ட்ஸையும் கழட்டி என் வூட்டுல கொண்டாந்து வெச்சிடணும்" என்று அரங்கநாதன் சொன்னார். மரியதாஸைப் பார்த்து, வாடா போகலாம் என்றார். மரியதாஸ் போகும்போது திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்காமல் இருந்ததுதான் நல்லது என்று இருசப்பனுக்கும் தெரிந்தது.

வெடித்துவிடும் என்று சொன்ன வண்டியை அவர்கள் கண்ணெதிரே ஓட்டிக்கொண்டு போக முடியாது. புகழ்வேந்தனே ஒரு டிராக்டரைப் பிடித்துக் கயிறு கட்டினான். சின்னக் கோளாறும் இல்லாத எட்டு சிலிண்டர் வண்டி, வில்லியனூர்க் கடைத்தெரு வழியாகக் கயிற்றில் இழுபட்டுக்கொண்டே போயிற்று. இருசப்பன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உள்ளே உட்கார்ந்திருந்தான். தோல் சீட்டு வெயிலில் சுட்டது. உறுவையாற்று டீக்கடையில் எல்லோரும் எழுந்து நின்று பார்த்தார்கள். சேதி அதற்குள் வந்துவிட்டிருந்தது. டிரைவர் சைடு எது ஓனரே என்று ஒருவன் கேட்டான். இருசப்பன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டான். கண்ணாடி ஏறியதும் உள்ளே மூச்சு முட்டியது, ஆனாலும் இறக்கவில்லை.

கொட்டகையில் வண்டியை விட்டுவிட்டு டிராக்டர் போன பிறகு, அவன் ரேடியேட்டரிலிருந்து தண்ணீரை வடித்தான். ஃபேனைக் கழற்றினான். ஒவ்வொன்றும் முந்தாநாள் அவனே துடைத்து, அளவு பார்த்து, முறுக்கியது. கழற்றுவதற்குச் சுலபமாகவே இருந்தது. சரியாகப் பூட்டிய எதுவும் அப்படித்தான் கழலும்.

சாயங்காலம் கல்பனா வேலையிலிருந்து நேராகக் கொட்டகைக்கு வந்தாள். பஸ்ஸில் யாரும் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை போலிருந்தது. வாசலிலேயே நின்று கேட்டாள்.

"இன்னா, பேரு போச்சா?"

"போச்சு" என்றான் இருசப்பன்.

அவள் முகம் விரிந்தது. ரெண்டு கையையும் கூப்பி எந்தச் சாமிக்கோ கும்பிடு போட்டாள். அதைப் பார்க்கச் சகிக்காமல் அவன் ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

"வண்டியில இருந்து போவல. என் பேருதான் போச்சு."

நடந்ததையெல்லாம் சொன்னான். கல்பனா கூப்பிய கையைப் பிரிக்காமலே கேட்டாள். சிவப்பு அட்டையைச் சொன்னபோது கண்ணை மூடிக்கொண்டாள். அப்புறம் வெடித்தாள். எவனோ ஒருவனுக்காக உன் பொண்ணைத் தகரத்துக்கு அடியில் படுக்க வைக்கிறாயே, நீயெல்லாம் ஒரு மனுஷனா என்று கத்தினாள். கத்தி ஓய்ந்து அவள் பழைய டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்தாள்.

"அன்னிக்கி நீ கையெழுத்து போடும்போது இப்புடி ஒருத்தன் எதுருக்க நின்னிருந்தா, நம்ம வூடு எழும்பி இருக்கும்" என்றாள்.

சொல்லிவிட்டு அழுதாள். இருசப்பன் குனிந்து ஸ்பேனரை எடுத்து, முன்பக்க மூடியின் முதல் போல்ட்டைக் கழற்றினான்.